இரண்டு பேருக்கு மூன்று வாரம்: எந்த நெடும்பாதை?

கோடையில் நண்பரோடு ஒரு நெடும்பாதையை முழுசாக நடக்கவேண்டும் என்று அமெரிக்காவில் பேச்செடுத்தால் முதலில் வாயில் வருவது அப்பலாச்சியன் ட்ரெயிலும் பசிபிக் க்ரெஸ்ட் ட்ரெயிலும்தான். முன்னது 2,190 மைலுக்கு மேல், பின்னது சுமார் 2,650 மைல். எதை எடுத்தாலும் ஐந்து மாதமாவது போய்விடும். வேலை, வீடு, விசா என்று இருக்கிறவர்கள் மேனேஜரிடம் கேட்டு வாங்கக்கூடிய லீவு மூன்று வாரம், மிஞ்சிப்போனால் நான்கு. அந்த லீவை வைத்துக்கொண்டு யோசிக்கக்கூடியவை மூன்று பாதைகள்: வெர்மான்ட்டின் லாங் ட்ரெயில், கலிஃபோர்னியாவின் ஜான் மியூர் ட்ரெயில், கொலராடோ ட்ரெயில். முதல் இரண்டையும் நண்பன் செந்திலோடு முழுசாக நடந்திருக்கிறேன். மூன்றாவதில் ஒரு பகுதி மட்டும்.

யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: நீங்கள் இருவரும் சேர்ந்து போகும் முதல் நெடுநடை இது என்றால் லாங் ட்ரெயில் போங்கள். அழகில் ஜான் மியூர் பல மடங்கு மேல். அது தெரிந்தேதான் சொல்கிறேன்.

பாதைகளை ஒப்பிடுகிறவர்கள் பொதுவாகத் தூரம், உயரம், காட்சி மூன்றையும் பார்ப்பார்கள். தனியாகப் போகிறவருக்கு அது போதும். இரண்டு பேராகப் போகும்போது நான் முதலில் பார்ப்பது, பகலில் பிரிந்து நடந்து சாயங்காலம் ஒரு இடத்தில் சேர அந்தப் பாதை இடம் கொடுக்கிறதா என்பதை. இரண்டு பேர் நடை ஒரே வேகத்தில் இருப்பது அபூர்வம். செந்தில் ஏற்றத்தில் ஆடு மாதிரி ஏறுவான், இறக்கத்தில் முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டு மெதுவாக வருவான். எனக்கு நேர் எதிர். முதல் நாள் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பது சந்தோஷமாகவே இருக்கும். ஐந்தாம் நாள் ஆகும்போது முன்னால் போனவன் நனைந்த சட்டையோடு காற்றில் விறைத்து உட்கார்ந்திருப்பான். பின்னால் வருகிறவன், பாவம் காத்திருக்கிறானே என்று மூச்சு வாங்க ஏறி வருவான். வந்து சேர்ந்ததும் முன்னவன் எழுந்து "சரி, கிளம்பலாமா?" என்பான். யாருக்கு ஓய்வு வேண்டுமோ அவனுக்கு அது கிடைப்பதே இல்லை. நல்ல சிநேகிதர்கள் பாதையில் முகம் கொடுத்துப் பேசாமல் போவதற்கு முக்கால்வாசி காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். குணத்தில் கோளாறு ஒன்றும் இருக்காது, கால் வேகம்தான் வேறு.

லாங் ட்ரெயில் 272 மைல், அதாவது 438 கிலோமீட்டர் அளவு. மாசசூசெட்ஸ் எல்லையில் தொடங்கி வெர்மான்ட் மலைத்தொடரின் முதுகிலேயே போய்க் கனடா எல்லையில் முடிகிறது. 1910-இல் தொடங்கப்பட்ட க்ரீன் மவுண்டன் கிளப் வெட்டத் தொடங்கி 1930-இல் முடித்த பாதை இது. அந்த நாட்டு நெடும்பாதைகளில் இதுதான் மூத்தது. தெற்கில் முதல் 100 மைல் அளவுக்கு அப்பலாச்சியன் ட்ரெயிலும் இதுவும் ஒன்றாகவே போகும். நடப்பதற்குப் பெர்மிட் எதுவும் வேண்டாம். பாதை நெடுக சுமார் 70 தங்குமிடங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் மூன்று பக்கம் மரச்சுவர், ஒரு பக்கம் திறப்பு, உள்ளே படுக்கப் பலகைத் தளம். கொஞ்சம் தள்ளிக் கழிப்பிடம், பக்கத்திலேயே ஓடையோ ஊற்றோ. முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம்.

இந்த ஷெல்ட்டர்கள்தான் இரண்டு பேர் நடைக்கு இந்தப் பாதை செய்யும் பெரிய உபகாரம். காலையில் "இன்னிக்கு ராத்திரி இன்ன ஷெல்ட்டர்" என்று பேசிக்கொண்டால் போதும். அவரவர் வேகத்தில், அவரவர் யோசனையோடு நடக்கலாம். பாதையில் வெள்ளைப் பட்டை அடையாளம் நெடுக இருப்பதால் வழி தவறுவது அரிது. ஷெல்ட்டர்களில் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள், போகிறவர்கள் பெயரும் தேதியும் இரண்டு வரியும் எழுதிவிட்டுப் போவார்கள். முன்னால் போகும் செந்தில் அதில் தமிழில் எனக்கு எழுதிவைப்பான். ஆப்பலாச்சியன் கேப் என்ற, சாலை குறுக்கிடும் மலை இடைவெளியைத் தாண்டி கௌல்ஸ் கோவ் ஷெல்ட்டரில் நான் பார்த்தது: "மணி 11.20. பர்ன்ட் ராக்ல பாறையெல்லாம் ஈரம்னு எதிர்ல வந்தவங்க சொல்றாங்க. ஏணி இருக்கிற இடத்துல கம்பை மடிச்சுப் பையில போட்டுக்கோ. முறுக்கு தீர்ந்துபோச்சு." பின்னால் வந்த ஒரு பெண்மணி அந்த எழுத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு என்ன மொழி என்று கேட்டார்.

அன்றைக்கு மான்ட்க்ளேர் க்ளென் லாட்ஜுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் நன்றாக இறங்கிவிட்டது. மழையில் தொப்பலாக நனைந்திருந்தேன். அவன் கொடி கட்டித் துணியைக் காயப்போட்டு, தண்ணீர் வடிகட்டி, புளிக்காய்ச்சலில் அவலை ஊறவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். பகல் முழுக்க பேசாமல் நடந்திருந்ததால் இரண்டு பேருக்குமே சொல்ல நிறைய இருந்தது. எந்த இடத்தில் சேறு முழங்கால் வரை போனது, எங்கே மூஸ் என்ற பெரிய மானின் குளம்படி கிடந்தது என்று இருட்டும் வரை பேசினோம். மறுநாள் கேமல்ஸ் ஹம்ப் உச்சிக்கு, 4,083 அடி, அவன் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தான். யாரும் யாரையும் இழுக்கவில்லை.

சரி, குறைகளுக்கு வருவோம். லாங் ட்ரெயிலில் பெரும்பகுதி காட்டுக்குள்ளேதான் போகும். உச்சிகளிலும் சில பாறை முனைகளிலும்தான் வெளி தெரியும். மழை அடிக்கடி வரும், வேர்களுக்கு நடுவே கறுப்புச் சேறு நிற்கும், அதை ஒதுங்கி நடந்தால் பாதை அகன்று செடிகள் சாகும் என்பதால் சேற்றுக்குள்ளேயே காலை விட்டு நடக்க வேண்டும். சாக்ஸ் காய்வதே இல்லை. ஷெல்ட்டரில் ராத்திரி எலி ஓடும், பக்கத்தில் படுத்தவர் குறட்டை விடுவார். மலைகள் உயரத்தில் சின்னவை. ஆனால் மொத்த ஏற்றம் 60,000 அடிக்கு மேல். வடபாதியில் பாதை வளைந்து வளைந்து ஏறாது, நேராகப் பாறையில் ஏறும், அங்கங்கே ஏணியும் உண்டு. 4,393 அடி உயர மான்ஸ்ஃபீல்ட் மலையைக் கடக்கும் நாளில் பத்து மைல் கணக்குப் போடாதீர்கள். ஜான் மியூர் போகும் சியரா மலைகளில் பதினைந்து மைல் நடக்கிறவர் இங்கே எட்டு மைலில் களைத்து உட்கார்ந்துவிடுவார். தூரத்தை மட்டும் பார்த்து லீவு கணக்குப் போடுகிறவர்கள் இடறுவது இங்கேதான். முழுப் பாதைக்கு மூன்று முதல் நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றே வாரம்தான் என்றால் கால் ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும்.

ஜான் மியூர் ட்ரெயில் 211 மைல். யோசெமிட்டி பள்ளத்தாக்கின் ஹாப்பி ஐல்ஸில் 4,000 அடி உயரத்தில் தொடங்கி 14,505 அடி விட்னி உச்சியில் முடிகிறது. அங்கிருந்து விட்னி போர்ட்டலுக்கு இறங்க மேலும் 11 மைல் அளவு. நான் நடந்த எதுவும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. எவல்யூஷன் ஏரியைத் தாண்டினால் மரமே கிடையாது. கிரானைட் பாறைக்கு நடுவே ஒரு ஏரி, அதற்கு மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று என்று ஒரு பகல் முழுக்க ஏரிகளின் ஓரமாகவே நடந்து மியூர் கணவாயில் ஏறினால், 11,955 அடியில் சியரா கிளப் 1930-இல் கட்டிய கல் குடில் நிற்கும். பாதை நயமாக வெட்டப்பட்டிருக்கும், ஏற்றம் சீராக இருக்கும், ஜூலைக் கடைசிக்குப் பிறகு காலை நேரங்களில் வானம் பெரும்பாலும் தெளிவு. உடம்புக்கு லாங் ட்ரெயிலைவிட இது எளிது என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். மூச்சுக்குத்தான் கஷ்டம்.

ஆனால் இது இரண்டு பேரைக் கட்டிப்போடும் பாதை. முதலில் பெர்மிட். யோசெமிட்டியிலிருந்து கிளம்புவதற்கு, நடக்கும் நாளுக்கு 24 வாரம் முன்பே லாட்டரியில் பெயர் கொடுக்க வேண்டும். ஆகஸ்டில் நடக்க பிப்ரவரியிலேயே முடிவாகிவிட வேண்டும் என்று அர்த்தம். கேட்கிறவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைப்பதில்லை. கிடைத்தால் குழுவுக்கு ஒரே பெர்மிட், ரேஞ்சர் வழியில் கேட்டால் காட்ட வேண்டும். ஒருவன் முன்னாலும் ஒருவன் பின்னாலும் போனால் பெர்மிட் யாரிடம்? தனித்தனியாக விண்ணப்பிக்கலாம், ஆனால் ஒருவருக்கு விழுந்து மற்றவருக்கு விழாமல் போனால் பயணமே போச்சு.

அப்புறம் கணவாய்கள். மேதர், பின்ஷோ, க்ளென், ஃபாரஸ்டர் என்று தென்பாதியில் நாளுக்கு ஒன்று வரும். எல்லாம் 12,000 அடியை ஒட்டி அல்லது அதற்கு மேல், ஃபாரஸ்டர் 13,153 அடி. ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் கூடும் என்பதால் மேலே இருக்கிறவர்கள் முற்பகலிலேயே தாண்டிவிட வேண்டும். மெதுவாக ஏறுகிறவர் விடியுமுன்னே கிளம்ப வேண்டியிருக்கும். கூட வருகிறவரும் அந்த நேரத்துக்கே எழுந்தாக வேண்டும், ஏனென்றால் டெண்ட் ஒன்று, ஸ்டவ் ஒன்று. க்ளென் கணவாயின் கத்தி முனை போன்ற விளிம்பில் செந்தில் எனக்காகக் காத்திருந்த நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் கீழே வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோதே அவன் கையை அக்குளில் திணித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போது எங்களுக்குள் லாங் ட்ரெயில் பழக்கம் இருந்தது. அவன் குளிரில் நின்றால் எப்போது எரிச்சல் வரும் என்று எனக்கும், நான் மேலே வந்ததும் எத்தனை நிமிடம் உட்கார வேண்டும் என்று அவனுக்கும் தெரியும். அந்தப் பழக்கம் இல்லாத இருவரை அந்த விளிம்பில் நிறுத்த எனக்கு மனசு வராது.

கொலராடோ ட்ரெயிலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். டென்வர் பக்கத்து வாட்டர்ட்டன் கேன்யனிலிருந்து டுராங்கோ வரை 486 மைல், 1987-இல் முழுமையானது. சராசரி உயரமே 10,000 அடிக்கு மேல், அதிகபட்சம் 13,271 அடி. நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும் என்பதால் மூன்று வார லீவுக்கு முழுப்பாதை அடிபட்டுப்போகிறது. ஆனால் நடுவே காலேஜியேட் மலைகளைச் சுற்றிவரும் 160 மைல் வளையம் ஒன்று இருக்கிறது. இரண்டு வாரத்தில், கிளம்பிய இடத்துக்கே வந்து சேரலாம், கார் ஏற்பாடு மிச்சம். லாட்டரி கிடையாது. ஏற்றங்கள் நிதானமானவை. ஷெல்ட்டர் இல்லை என்பதால் சாயங்காலம் எந்த ஓடைக் கரையில் சேர்வது என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். மின்னல் பயம் இங்கேயும் உண்டு. ஜான் மியூர் பெர்மிட் கிடைக்காதவர்களுக்கு நான் இந்த வளையத்தைத்தான் சொல்வேன்.

எந்தப் பாதை என்பது முடிவானதும் பையில் என்ன போவது என்பதும் தானாக முடிவாகிவிடும். இரண்டு பேருக்கு ஒரே டெண்ட் என்றால் ஆளுக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோ பாரம்தான் வரும். தனித்தனி டெண்ட் என்றால் அதைவிடக் கொஞ்சம் கூடும். ஜான் மியூரில் எப்படியும் சேர்ந்துதான் நடக்கப்போகிறீர்கள், பங்கு போடுங்கள். லாங் ட்ரெயிலில் பங்கு போட வேண்டாம். ஷெல்ட்டர் நிறைந்துவிட்டால் படுக்க ஆளுக்கொரு சின்ன டெண்ட், ஆளுக்கொரு தண்ணீர் ஃபில்டர், தலைவிளக்கு, ஃபோனில் வரைபடம், இவ்வளவும் அவரவர் முதுகில் இருக்க வேண்டும். ஒருவன் பையில் டெண்ட் துணியும் இன்னொருவன் பையில் அதன் கம்பிகளும் இருந்தால், பிரிந்து நடக்கும் சுதந்திரம் முதல் மழையிலேயே முடிந்துவிடும். ஸ்டவ்வை மட்டும் பகிர்ந்துகொள்ளலாம். அது இல்லாமல் ஒரு ராத்திரி ஓட்டிவிட முடியும்.

சாப்பாட்டிலும் இரண்டு பாதைக்கும் கணக்கு வேறு. ஜான் மியூரில் கரடி திறக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா, பேர் கேனிஸ்டர், கட்டாயம். பெரிய அளவு டப்பா வெறுமையாகவே 1.2 கிலோ, கொள்ளளவு 11.5 லிட்டர். அதனால் எடையைவிட இடம்தான் முக்கியம். அவல் இடத்தை அடைத்துக்கொள்ளும். வறுத்த ரவையில் தாளித்துக் கலந்த உப்புமா மிக்ஸ், சத்துமாவு, கடலை மிட்டாய், பருப்புப்பொடி இவை நெருக்கமாக உட்காரும். 11,000 அடியில் தண்ணீர் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும், வேகவைக்காத பருப்போ அரிசியோ வேக வெகு நேரம் பிடிக்கும், கேஸ்தான் தீரும். பாதையின் நடுவாக்கில் இருக்கும் மியூர் ட்ரெயில் ரான்ச் என்ற விடுதிக்கு வாரக்கணக்கில் முன்பே பக்கெட்டில் உணவு அனுப்பிவைக்கலாம், கட்டணம் கணிசம். அதற்குப் பிறகு விட்னி போர்ட்டல் வரை 110 மைல் அளவுக்குச் சாலையே குறுக்கிடாது. அந்த ஒன்பது பத்து நாள் சாப்பாடு ஒரு டப்பாவில் அடங்குவது கஷ்டம். பலர் கியர்சார்ஜ் கணவாய் வழியாக ஆனியன் வேலி என்ற சாலை முனைக்கு இறங்கி வாங்கிக்கொண்டு திரும்ப ஏறுவார்கள்.

லாங் ட்ரெயிலில் இந்தத் தலைவலி இல்லை. உணவைக் கரடிக்கு எட்டாமல் வைக்க வேண்டும், அது எங்கேயும் உண்டு. ஆனால் நான்கைந்து நாளுக்கு ஒரு சாலை வரும், அதில் பென்னிங்டன், மான்செஸ்டர், ரட்லண்ட், வாட்டர்பரி, ஜான்சன் என்று ஒரு ஊர் வரும். தபால் நிலையத்துக்கு ஜெனரல் டெலிவரியில் உங்கள் பெயருக்கே ஒரு பார்சல் அனுப்பிவைத்தால் புளிக்காய்ச்சலும் மிளகாய்ப்பொடியும் அங்கே காத்திருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு பெரிய நிம்மதி. அவலை இங்கே தாராளமாக எடுத்துப்போகலாம். பச்சைத் தண்ணீரிலேயே ஊறும், மழையில் ஸ்டவ் பற்றவைக்கும் வேலை மிச்சம்.

சாலைகளை நான் சாப்பாட்டுக்காக மட்டும் எண்ணவில்லை. ப்ராண்டன் கேப்புக்குக் கொஞ்சம் முன்னால் செந்திலின் முழங்கால் வீங்கிவிட்டது. "நீ போடா, நான் ஊருக்குப் போய் படுத்துட்டு வரேன்" என்றான். அவன் சாலைக்கு இறங்கி ஊரில் ஓய்வெடுத்தான், நான் அடுத்தடுத்த ஷெல்ட்டர்களில் தூங்கி முன்னே போனேன், ஆப்பலாச்சியன் கேப்பில் திரும்பச் சேர்ந்துகொண்டான். விட்ட பகுதியை அடுத்த வருஷம் போய் நடந்தான். பயணம் கெடவில்லை, ஒருவர் மேல் ஒருவருக்கு வருத்தமும் வரவில்லை. இதே முழங்கால் ஜான் மியூரில் லெகான்ட் பள்ளத்தாக்கில் வீங்கியிருந்தால் பிஷப் கணவாயை ஏறித் தாண்டி 12 மைல் அளவு நடந்தால்தான் சாலை. இரண்டு பேரும்தான் வெளியே போயிருப்போம், போகவும் வேண்டும்.

எப்போது போவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லாங் ட்ரெயிலில் மே மாதம் முழுக்கச் சேறு, பாதை கெடும் என்று கிளப்பே அப்போது வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறது. ஜூன் மாதம் கறுப்பு ஈக்களின் மாதம், காதோரம் ரத்தம் வரக் கடிக்கும். ஜூலை புழுக்கம். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் தொடங்கினால் பூச்சி குறைந்திருக்கும், ராத்திரி தூங்கும் அளவுக்குக் குளிர் இருக்கும். உண்ணி மட்டும் தென்பகுதியில் உண்டு, லைம் காய்ச்சல் கொண்டுவரும், ராத்திரி படுக்குமுன் கணுக்காலையும் முழங்கால் மடிப்பையும் தடவிப் பாருங்கள். ஜான் மியூருக்கும் ஆகஸ்ட்தான் சரி. ஜூலையில் கணவாய்களில் பனியும் ஏரிக்கரைகளில் கொசுவும் இருக்கும், செப்டம்பரில் காட்டுத்தீப் புகை வரலாம்.

நியூ ஜெர்சி, பாஸ்டன் பக்கம் இருக்கிறவர்களுக்கு லாங் ட்ரெயில் கார் ஓட்டிப் போகும் தூரம். தெற்கிலிருந்து வடக்காக நடங்கள். தென்பாதி சாதுவானது, வடபாதிப் பாறைகளுக்குப் போவதற்குள் கால் தயாராகிவிடும், அதற்குள் ஒருவர் வேகம் இன்னொருவருக்குப் பழகியும்விடும். வில்லியம்ஸ்டவுனிலிருந்து பைன் காபிள் வழியாக ஏறினால் மாசசூசெட்ஸ் எல்லையில் பாதை தொடங்கும். வட முனையில் எல்லைக் கல் 592-இல் முடித்துவிட்டு இறங்கினால் கிடைப்பது ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு சாலை, அங்கே பஸ் எதுவும் வராது. க்ரீன் மவுண்டன் கிளப்பிடம் ஷட்டில் ஓட்டுகிறவர்களின் பட்டியல் இருக்கிறது. ஜான்சனில் கடைசி மளிகை வாங்கும்போதே அதில் ஒருவருக்குப் போன் செய்து நாளையும் நேரத்தையும் பேசிவைத்துவிடுங்கள்.